பட்டறைக்கும் வேண்டும் பைந்தமிழ்!

ஒரு மொழி உண்மையில் எங்கே வாழ்கின்றது என்பதை அறிய வேண்டுமாயின், அம்மொழியினர் வாழ்த்துப் பாடும் மேடையைப் பார்த்தல் போதாது. அவர்தம் கை வேலை செய்யும் இடத்தைப் பார்த்தல் வேண்டும். தமிழ் நம் பாட்டில் இருக்கின்றது, பட்டிமன்றத்தில் இருக்கின்றது, திருமண அழைப்பிதழிலும் ஓரளவு இடம் பிடித்துவிட்டது. ஆனால், எஃகைக் கடைந்தும் துளைத்தும் தேய்த்தும் மயிரிழையினும் நுண்ணிய அளவுக்கு உருவாக்கும் கடைசற்பட்டறையில் அஃது இருக்கின்றதா? ‘லேத்து’, ‘சக்கு’, ‘பிசுட்டன்’, ‘போரிங்கு’, ‘திரெட்டு’, ‘டைட்டு’, ‘லூசு’ என்று அங்கே வழங்கும் சொற்களைக் கேட்கும் தமிழன்பர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றார். அவ்வாறு அவர் வெளியே வந்துவிடுவதே நம் இயக்கத்துக்கு நேர்ந்துள்ள பெருங்குறை என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது.

இதற்குச் சான்றாகக் கப்பலையோ புகைவண்டியையோ எடுத்துக்கொள்ள வேண்டா. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொறியை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு வானூர்தியின் மூக்கிலோ, சிறு படகின் அடியிலோ பூட்டத்தக்க எரிநெய்ப் பொறியை, விலைக்கு வாங்காமல், தம் வீட்டின் பின்கட்டிலேயே ஒரு சிறு கடைசற்பொறியை வைத்துக்கொண்டு தாமே செய்துகொள்வோர் மேலைநாடுகளில் பலர். பொழுதுபோக்கு என்று அவர்கள் அதனைச் சொல்வர். ஆனால் பெரும்பொறியின் உறுப்புகளுள் தலையாயவை அனைத்தும் அதனுள் உண்டு. மேலும், பெரும்பொறியில் மறைந்துவிடும் பிழை இச்சிறுபொறியில் மறையாது. பொறி சிறுத்தாற்போல உறுப்புகளின் இடையேயுள்ள இடுக்கும் சிறுத்தாலன்றிக் கசிவு மிகுந்து, பொறி இயங்கவே இயங்காது. ஆகலின், கைத்திறனுக்கு இதனைவிடக் கடிய தேர்வு வேறில்லை.

கைவேலையின் நுட்பம்

ஒரு கணக்கைப் பார்ப்போம். உருளையின் உட்டுளை 15 மில்லிமீட்டர். அதனுள் ஏறி இறங்கும் உலக்கையின் வீச்சு 14 மில்லிமீட்டர். அப்பொறியின் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 மில்லிலிட்டர், அஃதாவது தேநீர்க் கரண்டியில் பாதி. இத்துணைச் சிறிய பொறி மணித்துளிக்கு 10,000 சுற்றுச் சுற்றுமாயின், நொடிக்கு 166 சுற்றுக்கு மேலாகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் உலக்கை ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குதல் வேண்டும்.

இவ்வகைப் பொறிகளுள் ஒன்று மின்பொறியே இல்லாமல் எரிநெய்யைப் பற்றவைப்பது. காற்றும் எரிநெய்யும் சேர்ந்த கலவையை உலக்கை மேலேறி அழுத்த, அழுத்தத்தால் வெப்பம் ஏற, கலவை தானே பற்றிக்கொள்ளும். அதற்குரிய எரிநெய் மண்ணெண்ணெய், ஈதர், ஆமணக்கெண்ணெய் ஆகிய மூன்றையும் ஏறத்தாழ ஒப்ப அளந்து கலப்பது. ஈதர் குறைந்த வெப்பத்திலேயே பற்றும்; மண்ணெண்ணெய் ஆற்றலைத் தரும்; ஆமணக்கெண்ணெய் உராய்வைத் தடுக்கும். நம் ஊர்ப்புறத்துப் பாட்டிமார் குழந்தைக்குப் புகட்டிய அதே ஆமணக்கெண்ணெய்தான், மேலைநாட்டார் பொறியின் உள்ளே எஃகும் இரும்பும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் காத்து நிற்கின்றது!

இப்பொறியின் உலக்கைக்குப் பெரும்பாலும் வளையம் இராது. பெரிய உந்துகளில் உலக்கையைச் சுற்றி வளையங்கள் இட்டுக் கசிவைத் தடுப்பர். இங்கோ, உலக்கைக்கும் உருளைக்கும் இடையேயுள்ள பொருத்தம் ஒன்றே காப்பு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால், அவற்றுள் சில கூறுகளே இடைவெளியாக இருக்கலாம். தலைமயிரின் தடிப்பு அக்கூறுகளில் ஐம்பது முதல் நூறு வரை இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வேலையின் அருமை விளங்கும்.

கடைசலுளியால் மட்டும் இந்நுண்மையை எய்தவியலாது. உளி எத்துணைக் கூரியதாயினும் நுண்ணிய வரிகளை விட்டுச் செல்லும். ஆதலின் முதலிற் சற்றுக் குறைவாகத் துளைத்து வைத்துக்கொண்டு, பிறகு தேய்த்து முடிப்பர். செம்பு, பித்தளை போன்ற மெல்லிய மாழையாற் செய்த தேய்கோல் ஒன்றில் மிக நுண்ணிய தேய்பொடியை எண்ணெயிற் குழைத்துப் பூசி, அதனை உருளையின் உள்ளே முன்னும் பின்னும் செலுத்திக்கொண்டே சுழற்றுவர். மெல்லிய மாழையில் பொடி பதிந்து நின்றுகொண்டு, வலிய எஃகை அரிக்கும். மென்மை வன்மையைத் தேய்க்கும் விந்தை இது! உருளையின் மேல்முனை மிகச் சிறிதே குறுகியிருக்கும்படி தேய்த்தலும் உண்டு; உலக்கை மேலேறி நிற்குங்கால்தான் இறுக்கம் மிகுதியாக வேண்டும்; கீழே வருங்கால் சற்று நெகிழலாம். இவையனைத்தையும் விரலின் உணர்வாலேயே அறிந்து முடிப்பவன்தான் கைவல்லோன்.

இனி, எந்த மாழை எதற்குரியது என்னும் அறிவும் வேண்டும். எஃகு உருளைக்கு வார்ப்பிரும்பு உலக்கை பொருந்தும். வார்ப்பிரும்பிலுள்ள கரிக்கூறு தானே ஒரு வழுவழுப்பைத் தரும். எடை குறையட்டுமென்று அலுமினிய உலக்கையை அதே நெருக்கத்தில் இட்டால் என்னாகும்? 15 மில்லிமீட்டர் அலுமினியம் நூறு பாகை வெப்பம் ஏறுங்கால் ஏறத்தாழ 0.034 மில்லிமீட்டர் விரியும். எஃகோ அதிற் பாதியே விரியும். இடைவெளி சில ஆயிரத்திற் கூறுகளே இருந்த இடத்தில், உலக்கை 0.017 மில்லிமீட்டர் மிகையாக விரிந்தால் பொறி இறுகி நின்றுவிடும். நெருப்பு மூட்டிய பின்னர் நிகழ்வதை, நெருப்பு மூட்டுமுன் கணக்கிட்டு வைத்தலே பொறிவினைஞனின் அறிவு.

உலக்கையின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது வணரி. ஒரே எஃகுத்துண்டில் நடுத்தண்டையும், நடுவினின்று விலகிய முளையையும் கடைந்தெடுத்தல் வேண்டும். வீச்சு 14 மில்லிமீட்டராயின், முளை நடுவினின்று சரியாக 7 மில்லிமீட்டர் விலகி நிற்றல் வேண்டும். அம்முளையும் நடுத்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்றலும் வேண்டும். சற்றே சாய்ந்தாலும் இணைதண்டு கோணி, உலக்கை ஒருபுறமாகத் தேயும். நாள் பல உழைத்துத் தேய்த்த பொருத்தம் ஒரே நாளிற் பாழாகும். ஒவ்வோர் உறுப்பும் தன்னளவிற் செப்பமாயிருந்தால் மட்டும் போதாது. பிற உறுப்புகளோடு பொருந்தவும் வேண்டும்.

அன்பர்களே! மேலே இத்துணை நேரம் சிறுபொறியின் செய்முறையைப் படித்தீர்கள். எந்த இடத்திலேனும் தமிழ் தடுமாறியதா? எந்தச் செய்தியேனும் ஆங்கிலம் இல்லாமையால் விளங்காமற் போயிற்றா? “அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் தமிழிற் சொல்லவியலாது” என்பார் கூற்று வெறும் மடிமைக் கூற்று என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

ஆங்கிலச் சொற்களின் பிறந்தகம்

‘பிசுட்டன்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன், அஃதேதோ அறிவியலுக்கென்றே விண்ணிலிருந்து இறங்கிய சொல் என்று நம்மவர் மயங்குகின்றனர். அதன் வேர் யாது? இத்தாலிய மொழியில் இடித்தலைக் குறிக்கும் வினையினின்று பிறந்து, பேருலக்கையைக் குறித்த சொல்லே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற் புகுந்து ‘பிசுட்டன்’ ஆயிற்று. நேர்பொருள் உலக்கையே! உரலுள் உலக்கை ஏறி இறங்குவதைக் கண்டவன் உருளையுள் ஏறி இறங்குவதற்கும் அப்பெயரையே இட்டான். ‘கிராங்கு’ என்பது வளைவைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். நம் ‘வணர்’ என்பதும் வளைவே. அதிலிருந்து பிறப்பதே வணரி. ‘சிலிண்டர்’ என்பது கிரேக்க மொழியில் உருள்வதைக் குறித்தது. நம் உருளையும் அதுவே. ‘வால்வு’ என்பது இலத்தீனத்தில் கதவின் ஒரு புறத்துப் பலகையைக் குறித்தது. செருமானியரோ ‘பிசுட்டன்’ என்னும் சொல்லையும் கடன் வாங்காமல், தடித்த தடியைக் குறித்த தம் சொந்தச் சொல்லாகிய ‘கோல்பென்’ என்பதையே வழங்குகின்றனர். கடைசற்பொறிக்கு அவர்கள் வழங்கும் ‘திரேபாங்கு’ என்பதன் பொருள் சுழற்றும் பலகை என்பதே. பெயரைத் தம் மொழியில் வைத்துக்கொண்டதால் செருமானியரின் பொறி இயங்காமல் நின்றுவிட்டதா?

இதனால் பெறப்படுவது யாது? மேலையோரின் கலைச்சொற்கள் அவர்தம் அடுக்களையிலும் கொல்லையிலும் தெருக்கதவிலும் பிறந்தவை. கண்டதைக் கண்டதாகச் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது. நமக்கோ, ‘உலக்கை’ என்றால் நாணமாக இருக்கின்றது. அதே உலக்கையை இத்தாலியன் சொன்னால் அறிவியலாகத் தோன்றுகின்றது. இவ்வடிமை மனப்பான்மையை அறுத்தெறிய வேண்டா?

நம் கருவூலமோ வற்றியதன்று. கடைதல், கடைசல் என்பன தயிர் கடைதலினின்று மரங் கடைதல், மாழை கடைதல் வரை விரிந்து நிற்கும் தொன்மைச் சொற்கள். காய்ச்சிய இரும்பை நீரில் அமிழ்த்தி வன்மையூட்டுவதற்குக் கொல்லர் ‘தோய்ச்சல்’ என்பர். மாழைகளை உருக்கி ஒட்டும் பொருளுக்குப் ‘பற்றாசு’ என்று பெயர். தச்சன் இடும் துளைக்குத் ‘தமர்’. துளையிடும் கருவி ‘துரப்பணம்’. தேய்க்கும் கருவி ‘அரம்’. அதன் வினை ‘அராவுதல்’. திருகின் புரிக்கு ‘மரை’ என்று நாட்டுப்புறத்தில் வழங்குகின்றனர். அறிவு பிறழ்ந்தவனை ‘மரை கழன்றவன்’ என்று நகைக்கும் அளவுக்கு அச்சொல் மக்கள் வாயில் ஊறியுள்ளது. விரலத்தில் (அங்குலத்தில்) எட்டிலொரு பங்கை ‘நூல்’ என்று இன்றும் கம்பி வாங்குவோரும் தச்சரும் வழங்குகின்றனர். நுண்ணளவு நமக்குப் புதியதா? நம் முன்னோரின் கீழ்வாயிலக்கத்தில் ஒன்றை 320 கூறிட்டால் முந்திரி. முந்திரியை மீண்டும் 320 கூறிட்டால் கீழ்முந்திரி. அஃதாவது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. இத்துணை நுண்மைக்குப் பெயரிட்டு வழங்கிய இனத்தின் வழிவந்தோர், விரலத்தின் ஆயிரத்திலொரு பங்கைச் சொல்லத் ‘தவ்’ என்னும் ஆங்கிலக் குறுக்கத்தைக் கடன் கேட்டு நிற்கின்றனர்!

மரைக்கு ஒரு செந்தரம், சொல்லுக்கு?

இதுகாறும் பிறரைக் குறை கூறினோம். இனி நம்மவரை நோக்கியும் சில கூற வேண்டியுள்ளது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பட்டறைகள் ஒவ்வொன்றும் தத்தமக்குரிய மரையைக் கடைந்துகொண்டிருந்தன. ஒரு பட்டறையின் திருகாணி மற்றொரு பட்டறையின் மரையுட் புகாது. சோசப்பு விட்வர்த்து என்னும் பொறிவினைஞர் என் செய்தார்? தம் அறையில் அமர்ந்து புதிதாக ஒரு மரையைக் கற்பனை செய்துவிடவில்லை. நாட்டின் பல பட்டறைகளில் வழங்கிய திருகாணிகளைத் திரட்டினார்; அவற்றை அளந்து ஒப்பிட்டார்; நடுநிலையான அளவைக் கண்டு, மரையின் கோணம் 55 பாகை என்றும், இவ்விட்டத்திற்கு இத்துணைப் புரி என்றும் 1841-இல் ஒரு செந்தரத்தை முன்மொழிந்தார். பட்டறையிலிருந்து பிறந்த முறையாகலின் பட்டறைகள் அதனை ஏற்றுக்கொண்டன.

நம் கலைச்சொல்லாக்கத்தின் நிலை யாது? விட்வர்த்துக்கு முன்னிருந்த இங்கிலாந்தின் நிலையே. ஒரு குழு ஒரு சொல்லைப் படைக்கின்றது. மற்றொரு குழு அதே பொருளுக்கு வேறொரு சொல்லைப் படைக்கின்றது. பாடநூல் மூன்றாவதொன்றை எடுத்தாள்கின்றது. ஒருவர் அகரமுதலியின் ஆணி மற்றவர் நூலின் மரையிற் புகுவதில்லை. பட்டறையிலுள்ளவனோ மூன்றையும் அறியான். அவனைக் கேட்டவரும் இலர்.

சொல் பொருளோடு பொருந்தாமையும் உண்டு. ‘பிசுட்டனுக்கு’ ‘ஆடுதண்டு’ என்று பல நூல்களில் எழுதியுள்ளனர். உறுப்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அவ்வாறு எழுதுவரா? அது தண்டன்று, கவிழ்த்து வைத்த குவளை போன்றது. தண்டாக இருப்பது அதனை வணரியோடு பிணைக்கும் இணைதண்டே. ‘ஆடுதண்டு’ என்று படிக்கும் மாணவன் இணைதண்டைத்தான் எண்ணிக்கொள்வான். உருளைக்கும் உலக்கைக்கும் இடையே மில்லிமீட்டரின் ஆயிரத்திலொரு பங்கு பிழைத்தாற் கசிவு; சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே பிழைத்தாலும் கசிவே. அங்கே ஆற்றல் கசியும். இங்கே அறிவு கசியும். ‘உலக்கையும் தடித்த தண்டுதானே’ என்று சிலர் தடை எழுப்பக்கூடும். உலக்கை என்னும் பெயர் உரலுள் அது செய்யும் வினையையும் உடன் நினைப்பூட்டுகின்றது. வடிவத்தை மட்டும் சொல்லிப் பிறழ்வதில்லை. இதனினும் சிறந்த சொல்லைக் கடைசலர் ஒருவர் தருவாராயின், நான் முன்மொழிந்த சொல்லைக் கைவிட்டு அதனையே வரவேற்பேன்.

மொழிஞாயிறு பாவாணர் தம் சொல்லாராய்ச்சிக்கு இலக்கிய வழக்கோடு உலக வழக்கையும் ஒப்பக் கொண்டார் என்பதை நாம் அறிவோம். 1974-இல் அவர் தலைமையில் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டம் தமிழின் வேரைக் காட்டிற்று. வேரைக் காத்தவர் வழிவந்த நாம், கிளையை நீட்ட வேண்டிய இடத்தில் நின்றுவிடலாமா? பட்டறைக்குப் போகாமல் படைக்கும் பட்டறைச் சொல், கடலைக் காணாதவன் வகுத்த கலஞ்செலுத்து நூலே.

எழுதாக் கலை இறந்துபடும்

இங்கிலாந்தில் 1898-இல் பெர்சிவல் மார்சல் என்பார் சிற்றுருப் பொறிகளைச் செய்வார்க்கென்றே ‘மாடல் எஞ்சினியர்’ என்னும் இதழைத் தொடங்கினார். நெடுங்காலம் அது கிழமையிதழாக வந்தது. எட்கர் வெசுட்டுபரி என்பார் சிறு எரிநெய்ப் பொறிகளைத் தாமே வடிவமைத்து, அவற்றின் வரைபடங்களையும் செய்முறையையும் அதில் எழுதினார். ‘எல்.பி.எசு.சி.’ என்னும் புனைபெயரில் எழுதிய மற்றொருவர், நீராவியால் ஓடும் சிறு புகைவண்டிப் பொறிகளைச் செய்யும் முறையை, பக்கத்தில் நின்று பேசுவதுபோன்ற எளிய நடையில் ஒவ்வொரு படியாக எழுதினார். அவற்றைப் படித்தவர்கள் எல்லாரும் கல்லூரியிற் பயின்ற பொறிஞர்களல்லர். எழுத்தர், கடைக்காரர், பணியாளர் எனப் பல திறத்தார். தம் தாய்மொழியில் எழுதப்பெற்றிருந்தமையால் படித்தனர், படித்தமையால் செய்தனர், செய்தவர்களுட் சிலர் தாம் கண்டதை மீண்டும் எழுதினர். கையும் எழுத்தும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தன.

தமிழகத்தில் கைக்குக் குறைவில்லை. நீரேற்றிகளும் நெசவாலைப் பொறியுறுப்புகளும் செய்யும் கோவை வட்டாரத்துப் பட்டறைகளில் உள்ள கைத்திறன் எவர்க்கும் இளைத்ததன்று. பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்ட கோ. து. நாயுடு (1893-1974), பொறிகளைக் கழற்றிப் பூட்டிக் கற்றே பெரும் புதுப்புனைவாளராக விளங்கியமையை நாடறியும். இந்திய நாட்டில் முதன்முதல் உருவான மின்னோடிகளுள் ஒன்று 1937-இல் அக்கோவையிலேயே பிறந்தது. கை உண்டு, அறிவு உண்டு, எழுத்தொன்றே இல்லை.

என்னிடம் தமிழ் பயின்று, குடும்பச் சுமையாற் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கடைசலரானவர் ஒருவர் உள்ளார். பகலெல்லாம் பட்டறையில் கூலிக்குக் கடைவார். இரவில் தம் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சாய்ப்பில் மேலே கூறியது போன்றதொரு சிறுபொறியை மூன்றாண்டு முயன்று செய்து முடித்தார். தேய்கோலை எந்த அளவுக்கு இறுக்குவது, பொடியை எப்பொழுது மாற்றுவது, ஒலியைக் கேட்டே உளியின் மழுக்கத்தை எங்ஙனம் அறிவது என்பனவெல்லாம் அவர்க்குக் கைவந்தவை. அவர் குறிப்பேட்டைக் காட்டினார். ஆங்கிலச் சொற்களைச் செவிவழிக் கேட்டவாறு தமிழெழுத்தில் எழுதியிருந்தார். ஒரே உறுப்பு மூன்று பக்கங்களில் மூன்று வகையாக எழுதப்பெற்றிருந்தது. “ஐயா, இதையெல்லாம் எழுதி வைக்கத்தான் ஆசை. ஆனால் என் மகனுக்கே நான் எழுதினது புரியவில்லை” என்றார். ஆங்கில நூலை அவராற் படிக்கவியலாது. படிக்கத்தக்க தமிழ்நூலை நாம் அவருக்கு எழுதித் தரவில்லை. அவர் எழுதுவதற்குரிய சொல்லையும் நாம் அவர் கையிற் கொடுக்கவில்லை. அவர் கண்ட நுட்பம் அவரோடேயே மடியும். இவ்வாறு மடிந்த கலைகள் இத்தமிழ்மண்ணில் எத்தனை எத்தனை!

“நூல் வந்தாற் படிப்பார் யார்? கற்பிப்பார் யார்?” என்று கேட்பார் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, அமெரிக்கராகிய மருத்துவர் சாமுவேல் கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். உடலை அறுத்துப் பார்க்கும் கலைக்குத் தமிழ் போதுமாயிருந்தது. இரும்பை அறுக்கும் கலைக்குப் போதாதா? அயலான் ஒருவனுக்கு நம் மொழிமேல் இருந்த நம்பிக்கை நமக்கில்லையே!

அரசின் பொறுப்பும் நம் பொறுப்பும்

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல். அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது 2010-இல். இடையில் ஓடியவை 54 ஆண்டுகள்! அவ்வாறு தொடங்கிய வகுப்புகளையும், சேர்வோர் குறைவென்று கரணியங் காட்டி உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்தப்போவதாக 2023-இல் அறிவித்து, எதிர்ப்பெழுந்த பின்னரே அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றனர். சேர்வோர் ஏன் குறைகின்றனர்? நல்ல நூல் குறைவு. தமிழிற் படித்தாரை வேலைக்கு வேண்டுவோர் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ்ப்படியாகிய பட்டறையிலும் தொழிற்பயிற்சிக் கூடத்திலும் தமிழ் வேரூன்றவில்லை. அடித்தளம் இடாமல் மேல்மாடியைக் கட்டி, அது சாய்கின்றதென்று தமிழைப் பழித்தல் எவ்வகை நயன்மை?

அரசு செய்ய வேண்டுவன உள. தொழிற்பயிற்சி நிலையங்களின் கடைசலர், பொருத்துநர் வகுப்புகளுக்குப் படங்களோடு கூடிய நல்ல தமிழ்ச் செய்முறை நூல்களை வெளியிடுதல் வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளிற் சிலவற்றிலேனும் ஒரு சிறு கடைசற்பொறியையும் ஒரு துளைப்பொறியையும் நிறுவி, மாணவர் கையாற் செய்து பழக வழிவகுத்தல் வேண்டும். தொழிலர் தமிழில் எழுதும் நூல்களுக்குப் பரிசளித்தல் வேண்டும்.

ஆனால், அரசு செய்யும்வரை கைகட்டி நிற்பது இயக்கத்தார்க்கு அழகன்று. நம் அன்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள ஒரு பட்டறைக்குச் செல்லுங்கள். தூய தமிழ் பேசவில்லையென்று அங்குள்ளாரை இகழாதீர்கள். அவர்கள் பேசும் கலப்புச் சொல்லுக்கு அவர்கள் பொறுப்பாளரல்லர். உரிய சொல்லை உரிய காலத்திற் கொடாத நாமே பொறுப்பாளர். ஒவ்வோர் உறுப்பையும் கையிலெடுத்துப் பாருங்கள். அவர் தந்தையும் பாட்டனும் அதற்கு என்ன சொல் வழங்கினர் என்று கேளுங்கள். கிடைத்த சொற்களை ஊர்ப்பெயரோடும் தொழிற்பெயரோடும் எழுதி இதழ்களுக்கு விடுங்கள். பல ஊர்ச் சொற்களையும் ஒப்பிட்டு, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று செந்தரப்படுத்துவோம். விட்வர்த்து மரைக்குச் செய்ததை நாம் சொல்லுக்குச் செய்வோம். எழுதவியலாத கடைசலர் சொல்ல, எழுதத் தெரிந்த தமிழாசிரியர் எழுதட்டும். ஒருவர் கையும் ஒருவர் எழுத்தும் கூடினால் ஒரு நூல் உருவாகும்.

மாவட்டத்திற்கு ஒரு நூல் வந்தாலும் பத்தாண்டில் ஒரு நூலகமே எழும். அந்நூலைப் படித்து, ஒரு தமிழ்ச்சிறுவன் எஃகுத்துண்டொன்றைக் கவ்வியிற் பூட்டி, உளியை நகர்த்தி, உருளையைத் துளைத்து, உலக்கையைத் தேய்த்துப் பொருத்தி, ஆமணக்கெண்ணெய் மணக்கும் எரிநெய்யை ஊற்றி அச்சிறுபொறியைச் சுழற்றிவிடும் நாளில், தமிழ் வாழ்க என்று நாம் தனியே முழங்க வேண்டியதில்லை, அப்பொறியே முழங்கும். அந்நாளை நோக்கி உழைக்க எழுங்கள்! வெல்க தமிழ்!